முதலில் எதை வாங்குவது: கலைக்களஞ்சியமா, மெல்லிய புத்தகமா, வீடியோவா, பஸ் டிக்கெட்டா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் புத்தகம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "கதை என்றால் உட்காருகிறான். உலக விஷயமும் தெரிய வேண்டாமா? அதற்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்?" பலர் ஏற்கெனவே கடையில் ஒரு கனமான கலர் புத்தகத்தைப் பார்த்து விலையும் விசாரித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். கையில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறிலிருந்து பதினோரு வயதுக்குள் ஒரு பிள்ளை. இதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை கண்ணால் பார்த்த அல்லது வாய்விட்டுக் கேட்ட ஏதோ ஒரு விஷயத்தைப் பற்றிய மெல்லிய தமிழ்ப் புத்தகம் வாங்குங்கள். அந்த விஷயம் இருக்கிற இடத்துக்கு ஒரு முறை கூட்டிப் போங்கள். பெரிய கலைக்களஞ்சியம் இரண்டு வருஷம் பொறுக்கலாம். வீடியோ துணைக்கு இருக்கட்டும். மற்றவற்றிலும் நல்லது உண்டு; எது யாருக்கு, எப்போது என்பதில்தான் வித்தியாசம்.

ஒவ்வொன்றையும் எடைபோட எனக்குக் கைகொடுத்தது ஒரு பையனின் கேள்வி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் ஊரில் எல்லா வீட்டிலும் காதில் விழும் செய்தி, "கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்பது. "அத்தை, அந்தக் கூண்டுக்குள்ள என்ன இருக்கும்?" என்று இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். சுற்றி நின்ற பெரியவர்களும் பதிலுக்காக என் முகத்தைத்தான் பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்வியோடு எது எவ்வளவு தூரம் கூட வரும் என்று பார்த்தால் போதும், தேர்வு பாதி முடிந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் வந்து சேர்வது பொது அறிவு வினா விடைப் புத்தகம். விலை குறைவு, பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் கிடைக்கும். அதில் தேடினால் எச்சரிக்கை எண்கள் மொத்தம் 11 என்ற ஒரு வரி இருக்கலாம். பையன் கேட்டது எத்தனை என்று இல்லையே. கேள்வியையும் அதுவே கேட்டு, பதிலையும் அதுவே சொல்லிவிடுவதால் பிள்ளைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வினாடி வினாப் போட்டிக்குப் போகிற வயதில் வாங்கிக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு வேண்டாம்.

பளபளக்கும் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை அப்படி ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. படங்கள் அவ்வளவு அருமை. எழுத்துக் கூட்டத் தெரியாத தம்பியும் நாலாவது படிக்கும் அக்காவும் தரையில் படுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். சுறாவின் பல்லும் எரிமலையின் உள்ளும் அப்படி அச்சாகியிருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு பக்கம்தான். பிள்ளைக்கு ஆர்வம் பிடிக்கிற நேரத்தில் பக்கம் முடிந்து அடுத்த தலைப்பு வந்துவிடும். பென்குவின் இருக்கும், கங்காரு இருக்கும். தேவனாம்பட்டினம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு மூலையில் ஒரு சின்னப் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். புயல் என்று தேடினால் அமெரிக்கப் புயல்கள் வரும், நம் கூண்டு வராது. விலையோ ஆயிரத்தைத் தாண்டிவிடும். விலை கூடக் கூட, "கையைக் கழுவிட்டுத் தொடு" என்ற சத்தமும் கூடுகிறது. கடைசியில் புத்தகம் ஷோகேஸ் மேல் தட்டுக்குப் போய்விடுகிறது. கைக்கு எட்டாத புத்தகத்தால் பிள்ளைக்கு என்ன பயன்?

தமிழில் வேண்டுமென்றால் பணமே செலவழிக்க வேண்டாம். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாகக் கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. நம் மொழியில் பிள்ளைகளுக்காக இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவைத்திருக்கிறார்கள், பாதிப் பேருக்கு அது தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தெளிவான சின்ன வாக்கியங்களில் எழுதப்பட்டது. ஆனால் அரை நூற்றாண்டு பழையது. புளூட்டோ கிரகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2006இல். அதற்கு முன் அச்சான இதுபோன்ற புத்தகங்களில் கிரகங்கள் ஒன்பதுதான். ஆகவே அதைப் பிள்ளையிடம் அப்படியே கொடுப்பதைவிட, இரவு நீங்கள் ஒரு பதிவைப் படித்துவிட்டு மறுநாள் பேச்சுவாக்கில் சொல்வது நல்லது. பெரியவர்களுக்கான தயாரிப்பு நூலாக அதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

அப்புறம், ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி இருபது முப்பது பக்கத்தில் முடியும் புத்தகங்கள். எறும்பு, மழை, ரயில், எலும்பு, தபால் என்று எதைப் பற்றியும் இருக்கும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் தமிழில் வந்தவை இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் புத்தகங்களை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். கதைகளுக்கு நடுவே அறிவியல், இயற்கை பற்றியவையும் உண்டு. பிரின்ட் எடுத்துத் தைத்துக் கொடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அதற்கான உரிமத்தோடுதான் வெளியிடுகிறார்கள். கடையில் வாங்குவதானால் நெய்வேலி புத்தகக் கண்காட்சி நமக்குப் பக்கம். அங்கே போனால் பிள்ளையே எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும், பக்கத்தில் நின்று "இது எதுக்கு, அதை எடு" என்று சொல்லாதீர்கள்.

மெல்லிய புத்தகத்தின் பெரிய லாபம், பிள்ளை அதை முடித்துவிடுகிறது என்பது. முடித்த பிள்ளை, "இதுக்கு அப்புறம்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கலைக்களஞ்சியம் எழுப்பிப் பார்த்ததில்லை. கிழிந்தாலும் போகட்டும் என்று பள்ளிக்கும் பாட்டி வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். குறையும் உண்டு. தமிழில் வருகிறவற்றில் தரம் ஒரே மாதிரி இல்லை. மொழிபெயர்ப்பு சில நேரம் கல்லைக் கடிப்பது போல் இருக்கும். வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு தடுக்கினால் பிள்ளைக்கும் தடுக்கும். எப்போது அச்சானது என்றும் பாருங்கள். தமிழ்நாட்டு வரைபடம் இருந்தால் மாவட்டங்களை எண்ணச் சொல்லுங்கள்: 38 இருக்க வேண்டும், மயிலாடுதுறை 2020இல் வந்தது. இது பிள்ளைக்கே பிடித்துப்போகும் வேலை. அச்சில் இருப்பதையும் சரிபார்க்கலாம் என்று அப்போதுதான் அதற்குத் தெரிய வரும்.

கூண்டுக் கேள்விக்கு மெல்லிய புத்தகம் என்ன செய்தது? புயல் பற்றிய புத்தகத்தில் கூண்டு இல்லை. ஆனால் சூடான கடல்நீர் ஆவியாகி மேலே போவதும், நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதும் இருந்தது. புயல் நாட்களில் செய்தித்தாளில் எச்சரிக்கை எண்களின் விளக்கம் வருமே, அதை வெட்டிப் பக்கத்தில் ஒட்டினோம். 1ஆம் எண், தூரத்துக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். 5, 6, 7இல் என்ன வித்தியாசம் என்றால், கரை கடக்கும் புயலுக்கு நம் துறைமுகம் இடப்பக்கம் இருக்குமா, வலப்பக்கம் இருக்குமா, புயல் நேராகத் துறைமுகத்தின் மேலேயே வருமா என்பது. கூண்டு என்று நாம் சொல்வது பகலில் கம்பத்தில் ஏற்றும் கூம்பும் உருளையும்தான். இரவில் அதற்குப் பதில் விளக்குகள். உள்ளே ஒன்றும் இல்லை.

இதற்குள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இடது வலது எதுக்கு? எந்தப் பக்கம் இருந்தாலும் காத்து அடிக்கும்தானே?" என்றாள். தாளில் கடற்கரையை ஒரு கோடாகப் போட்டு, கடலிலிருந்து மேற்கே வரும் புயலை வட்டமாகப் போட்டு, சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டோம். புயல் கடலூருக்குத் தெற்கே கரை கடந்தால், நாம் அதன் வலப்பக்கம். அங்கே அம்புக்குறி கடலிலிருந்து நிலத்தைப் பார்த்து வருகிறது; காற்று கடல்நீரை ஊருக்குள் தள்ளும். நமக்கு வடக்கே கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அம்புக்குறியைப் போட்டவள் அவள்தான், கண்டுபிடித்தவளும் அவள்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்த கதையை அவள் வீட்டில் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்தக் கதைக்கும் இந்த அம்புக்குறிக்கும் அன்று சம்பந்தம் உண்டானது. ஒரு மெல்லிய புத்தகம், ஒரு செய்தித்தாள் துண்டு, ஒரு பென்சில். செலவு நூறு ரூபாய்க்குள்.

வீடியோ வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். கண்ணால் பார்க்கவே முடியாததைப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் செயற்கைக்கோள் படங்கள் தொடர்ச்சியாக ஓடும். வங்கக் கடலில் மேகம் சுழல்வதை அந்த நேரத்துப் படத்திலேயே காட்டலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் ராட்சதச் சக்கரம் மண்ணை வாரிக் கொட்டுவதையும், இரவில் ஆமை குழி தோண்டுவதையும் நேரில் காட்ட எல்லோராலும் முடியாது. அதற்கு வீடியோ. ஆனால் அது நிற்காது. கேள்வி வாயில் வருவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். அந்த வீடியோ முடிந்தால் வேறொன்று தானே தொடங்கும். இப்போது கம்ப்யூட்டரே உருவாக்கிய பொய்க் காட்சிகளும் கலந்து வருகின்றன, சின்னப் பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. படித்த பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்க, இதுதான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் காட்டுங்கள். முதலில் வீடியோவைக் காட்டிவிட்டால் புத்தகத்தின் அசையாத படம் சப்பென்று ஆகிவிடுகிறது.

மாத இதழுக்குச் சந்தா கட்டுவதும் நல்ல வழிதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து நடத்தும் துளிர் 1987 முதல் வந்துகொண்டிருக்கிறது. தன் பெயருக்குத் தபாலில் ஒன்று வருவது பிள்ளைக்குப் பெரிய மரியாதை. ஒன்பது வயதுக்கு மேல், தானாகப் படிக்கிற பிள்ளைக்கு இது பொருந்தும். ஆறு ஏழு வயதுக்குச் சீக்கிரம்.

நேரில் காட்டுவதற்கு வருகிறேன். இந்த விஷயத்தில் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி பல ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லை. டவுன் பஸ்ஸில் முதுநகர் துறைமுகத்துக்குப் போனால், மீன் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைக் காட்டலாம். ஏன் சிவப்பு? தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அங்கேதான் ரத்தம் எடுத்துக்கொள்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். மீன் இனப்பெருக்கக் காலத்துத் தடை, 61 நாள். ஏன் யாரும் கடலுக்குப் போகவில்லை என்று பிள்ளை கேட்காமல் இருக்காது.

ஆனால் எல்லா இடமும் ஒன்றுபோல் இல்லை. போய் நின்றாலே பேசுகிற இடங்கள் இருக்கின்றன. படித்துவிட்டுப் போனால்தான் பேசுகிற இடங்களும் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பல சுற்றுலாக்கள் பஜ்ஜியோடு முடிகின்றன.

திருவக்கரை முதல் வகை. புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் வழியில் இருக்கிறது. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் பக்கத்தில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அங்கே கிடக்கும் அடிமரங்களில் வளையம் தெரியும், கணு தெரியும், பட்டை உரிந்த இடம்கூட மரம் போலவே இருக்கும். தொட்டால் கல். வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். முன்னால் எதுவும் சொல்லாமல் கூட்டிப் போங்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை, "கிளை எங்கே, வேர் எங்கே?" என்று கேட்கும். அறிஞர்களும் அதைத்தான் கவனித்தார்கள்: கிளையும் வேரும் இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதால், இவை இங்கே வளர்ந்தவையாக இருக்காது, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்திருக்க வேண்டும். அப்புறம் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையாக நிரப்பி அதைக் கல்லாக்கியது. அந்த மரங்களைப் பொதிந்து வைத்திருக்கும் பாறைக்குப் புவியியலில் கடலூர் மணற்கல் என்றே பெயர். நம் கேப்பர் மலையின் செம்மண்ணும் அந்த வகை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அவர்கள் தோண்டித் தள்ளுவதும் அந்த மணற்கல்லைத்தான். வீட்டுக்கு வந்தபின் பாறையும் தொல்லுயிரும் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளை விடாது. டைனோசர் பித்துப் பிடித்த பிள்ளை என்றால், அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கொஞ்சம் தூரம், ஆனால் போகலாம்.

அரிக்கமேடு இரண்டாவது வகை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோம நாட்டோடு நடந்த வணிகத்தின் தடயங்களை வெளியே கொண்டுவந்தார்: மது வந்த இருகைச் சாடிகளின் துண்டுகள், இத்தாலியிலிருந்து வந்த மட்பாண்டம், இங்கேயே செய்த மணிகள். ஆனால் இன்று அந்த மேட்டில் போய் நின்றால் மரமும், ஒரு பழைய சுவரும், ஆறும்தான். பிள்ளை பத்து நிமிஷத்தில் தண்ணீர் பாட்டிலைக் கேட்கும். இதற்கு முதலில் புத்தகம். அடுத்து புதுச்சேரி அருங்காட்சியகம், அங்கே தோண்டி எடுத்த பொருட்களைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். மேட்டுக்கு அதன்பிறகு போங்கள். அப்போது அந்த வெறும் மண்ணிலேயே பிள்ளை குனிந்து தேடும். (எதையும் எடுத்து வர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.) பிச்சாவரம் அலையாத்திக் காடு இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது: தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் வேர்களைப் படகிலிருந்து பார்க்கும்போதே கேள்வி வரும், ஆனால் அந்த வேர்கள் சுவாசிக்கின்றன என்பதைப் புத்தகம்தான் சொல்லும்.

மொழியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் படிப்புக்குப் பின்னடைவு ஆகுமோ என்று பயம். பிள்ளை எந்த மொழியில் "ஏன்?" என்று கேட்கிறதோ அந்த மொழியில் முதல் புத்தகம் இருக்கட்டும் என்பது என் எண்ணம். நம் ஊரில் பெரும்பாலும் அது தமிழ். இன்னொரு காரணமும் உண்டு: தமிழில் இருந்தால் தாத்தாவும் பாட்டியும் கூட உட்கார முடியும். கடலைப் பற்றியும் விதை விதைப்பதைப் பற்றியும் புத்தகத்தில் இல்லாதது அவர்களிடம் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் வந்ததும் அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டுவதில் பிள்ளை மெதுவாக இருந்தால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அது படத்தின் பெயர்களை மட்டும் படிக்கட்டும்.

கதைப் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு இந்த உலக விஷயப் புத்தகங்களைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். ஆமைக் கதை படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஆமையைப் பற்றிய புத்தகத்தை வைத்தால் போதும். மாறாக, கதையே பிடிக்காமல் லாரி, ரயில், எலும்பு என்று மட்டும் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. "இவனுக்குப் படிக்கவே வராது" என்று சொல்லப்பட்ட சிலரை அப்படித்தான் வாசிப்புக்குள் வரப் பார்த்தேன். அவர்களுக்கு இது கதைக்கு அடுத்து வரும் புத்தகம் இல்லை, இதுதான் முதல் புத்தகம்.

ஆகவே ஆயிரம் ரூபாயை நான் பிரிப்பதானால் இப்படி. மாவட்ட மைய நூலகத்தில் பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை. அதற்கு ஆவது சொற்பம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. நாலைந்து மெல்லிய புத்தகங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல் கேள்வி வரும்போது ஒவ்வொன்றாக. திருவக்கரைக்குப் போய்வர பஸ் செலவும் சாப்பாடும். ஒரு நீளமான கோடு போடாத நோட்டு, வரைவதற்கும் ஒட்டுவதற்கும். மிச்சம் இருந்தால் துளிருக்குச் சந்தா. வேறு எதற்கும் நேரமில்லை, ஒன்றே ஒன்றுதான் முடியும் என்கிறவர்கள் நூலக அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை போய்ப் பிள்ளையை அலமாரி முன்னால் அரை மணி நேரம் விட்டுவிட்டு நீங்கள் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கலாம்.